தனித்தனி ஆம்ப்பா, ஒரே ரிசீவரா? வீட்டுத் திரையரங்கு ஒலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் படம் பார்க்க ஐந்து ஸ்பீக்கரும், ஆழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் வைக்கலாம் என்று முடிவெடுத்ததுமே இந்தக் குழப்பம் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய ஏவி ரிசீவர் போதுமா? ப்ராசசர் தனி, பவர் ஆம்ப் தனி என்று பிரித்து வாங்கினால்தான் நல்ல ஒலி கிடைக்குமா? இரண்டு வழியிலும் பல வருடங்கள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாமல் பெட்டிகளைப் பிரித்துவிட்டு நல்ல ஸ்பீக்கருக்குப் பணமில்லாமல் நின்றவர்களையும், பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமல் ரிசீவரைச் சூட்டில் வாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு தவறும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரிசீவர் என்ற பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது?

பெயர் வானொலிக் காலத்தில் வந்தது. வானொலி அலையை வாங்கும் ட்யூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருந்தால் அதை ரிசீவர் என்றார்கள். இன்று அந்த ட்யூனரைத் தொடுபவர்கள் குறைவு. மற்ற வேலைகள்தான் பெட்டியை நிரப்பியிருக்கின்றன.

உள்ளே இரண்டு ஆட்கள் வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை. ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தை டிவிக்கு அனுப்புவது, டால்பி, டிடிஎஸ் என்ற பல ஸ்பீக்கர் ஒலி வடிவங்களைப் பிரித்து எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கிடுவது, டிஜிட்டலை அனலாக்காக மாற்றுவது, அறைக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்துவது, வால்யூமைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் சுமைதூக்கி. கணக்குப்பிள்ளை கொடுக்கும் ஓரிரு வோல்ட் சிக்னலை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்கித் தருவது மட்டும்தான் அவர் வேலை. ரிசீவரில் இந்த இருவரும் ஒரே வீட்டில், ஒரே மின்மாற்றியின் கீழ் குடியிருக்கிறார்கள். தனித்தனியாக வாங்கும்போது கணக்குப்பிள்ளை ‘ஏவி ப்ராசசர்’ என்ற பெட்டியிலும், சுமைதூக்கி ‘பவர் ஆம்ப்’ என்ற பெட்டியிலும் குடியேறுகிறார்கள்.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பிரித்து வைத்தால் ஒலி நிச்சயம் மேம்படுமா?

நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆம்ப்களும் தங்கள் எல்லைக்குள் வேலை செய்யும்போது, இரண்டின் ஒலியளவையும் 0.1 டெசிபல் அளவுக்குச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால், வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் போதும். நம் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று உணராமல் ‘தெளிவு அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளும். புது ஆம்ப் மாட்டிய அன்று மாலை எல்லாப் பாட்டும் புதிதாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஒலியளவைச் சமப்படுத்திய பிறகு அந்தப் புதுமையில் பெரும்பகுதி கரைந்துபோனது.

ஆனால் ‘எல்லைக்குள்’ என்று சொன்னேனே, அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ரிசீவரின் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். வசனம் கரகரக்கும், வெடிச்சத்தம் பொத்தென்று அமுங்கும், அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். ஆகவே முதலில் விடை காண வேண்டிய கேள்வி: உங்கள் அறையில், உங்கள் ஸ்பீக்கரில், நீங்கள் கேட்கும் சத்தத்தில் ரிசீவர் அந்த எல்லையைத் தொடுகிறதா?

பெட்டியின் மேல் 150 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, அது போதாதா?

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% திரிபு, ஒரு சேனல் மட்டும்’ என்று இருந்தால் அது விளம்பரத்துக்கான எண் (திரிபு என்பது மூல ஒலி உருமாறும் அளவு, சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான தனி ஒலிவழி). ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.05% திரிபு, இரண்டு சேனல் ஒரே நேரத்தில்’ என்று இருந்தால் நம்பலாம். முதல் கணக்கில் 150 என்று வருவது இரண்டாவது கணக்கில் 80, 90 என்று இறங்கிவிடும். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் எஃப்டிசி ஆணையம் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அந்த விதியைத் திருத்தி, 8 ஓம், முழு அதிர்வெண் வரம்பு, 1 சதவீதத்துக்கு மிகாத திரிபு என்று அளவுகோலை இன்னும் இறுக்கியது.

அடுத்தது சேனல் எண்ணிக்கை. ஏழு சேனலுக்குத் தலா 100 வாட் என்றால் வெளியே போவது 700 வாட். ரிசீவர்களில் பரவலாக இருக்கும் ஏபி வகை ஆம்ப் உள்ளே வரும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாக்கிவிடும். ஏட்டுக் கணக்கிலேயே அதன் உச்சத் திறன் 78.5 சதவீதத்தைத் தாண்டாது. ஆக 700 வாட் ஒலிக்குச் சுவரிலிருந்து 1000 வாட்டுக்கும் மேல் இழுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பெட்டியின் மின்மாற்றியால் அதைத் தொடர்ந்து தர இயலாது. ஏழையும் ஒன்றாக ஓட்டிச் சோதித்தால் ஒவ்வொன்றும் பாதியளவுக்கு இறங்குவது சாதாரணம்.

இதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். படத்தில் ஏழு சேனலும் ஒரே நொடியில் முழுச்சக்தி கேட்பது அபூர்வம். பின்பக்க ஸ்பீக்கர்கள் பெரும்பாலான நேரம் மழை, காற்று, தூரத்து இரைச்சல் என்று மெல்லத்தான் பேசும்.

அப்படியானால் எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். மூன்று எண்கள் போதும்: ஸ்பீக்கரின் உணர்திறன், நீங்கள் உட்காரும் தூரம், கேட்க விரும்பும் சத்தம்.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘87 டெசிபல்’ என்று இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் நின்று கேட்டால் 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் 9.5 டெசிபல் குறையும். மிஞ்சுவது 77.5. சினிமா அரங்கின் தர அளவில், ஒரு ஸ்பீக்கரிலிருந்து வரும் உச்சச் சத்தம் உங்கள் இருக்கையில் 105 டெசிபல். இடைவெளி 27.5 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வாட் பத்து மடங்காகும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்காகும். ஆக 27.5 டெசிபலுக்குச் சுமார் 560 வாட் வேண்டும்! அறைச் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி 3 டெசிபல் கை கொடுத்தால்கூட 280 வாட். எந்த ரிசீவரும் அதைத் தராது.

இப்போது அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றுங்கள். வீட்டில் யாரும் அரங்க அளவில் படம் பார்ப்பதில்லை. அந்த அளவுக்கு 10 டெசிபல் கீழே வைத்தாலே வீட்டுக்கு நல்ல சத்தம்தான். பத்தில் ஒரு பங்கு போதும் என்பதால் 560 வாட் 56 வாட்டாகிவிடுகிறது. அறையின் உதவியையும் சேர்த்தால் 28. சாதாரண ரிசீவரே சிரமமில்லாமல் தந்துவிடும்.

இன்னொரு மாற்றம்: ஆம்ப்பை விட்டுவிட்டு 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் என்ன ஆகும்? அரங்க அளவுக்கே 560 வாட்டுக்குப் பதில் சுமார் 180 வாட் போதும். 5 டெசிபல் உணர்திறன் மூன்று மடங்கு வாட்டுக்குச் சமம். 100 வாட் ரிசீவரை விட்டு 200 வாட் பவர் ஆம்ப்புக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கு 10 டெசிபல் வேண்டும்.

சாதனம் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ரிசீவரே போதும் என்றுதான் விடை வரும் என்பது என் எண்ணம்.

சப்வூஃபர் இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா?

நன்றாகவே மாறும். அதிகச் சக்தியைக் குடிப்பது பேஸ் எனும் ஆழ்ந்த ஒலிதான். முன் ஸ்பீக்கர்களை அமைப்புப் பட்டியலில் ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டால் ரிசீவரின் தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்கிவிடும். சப்வூஃபருக்குள் அதற்கென்று சொந்த ஆம்ப் இருக்கிறது. அதாவது, சப்வூஃபர் வாங்கிய அன்றே பாதி வழி ‘தனித்தனி’ பக்கம் வந்துவிட்டீர்கள்.

பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ‘ஸ்மால்’ என்ற சொல்லைப் பார்த்து மனம் சுருங்குவார்கள். அது ஸ்பீக்கரின் தகுதியைச் சொல்லவில்லை; பேஸை எங்கே அனுப்புவது என்பதை மட்டும் சொல்கிறது. தயங்காமல் வையுங்கள்.

என் ஸ்பீக்கர் 4 ஓம். ரிசீவர் தாங்குமா?

இங்கே எச்சரிக்கை தேவை. ஓம் பாதியானால் அதே வோல்ட்டுக்கு மின்னோட்டம் இரண்டு மடங்காகும். 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கும் இறங்கும். சிறிய ரிசீவர்கள் இந்தச் சுமையில் சூடாகி, பாதுகாப்புக்காகத் தாமே அணைந்துவிடும். படம் உச்சக்கட்டத்தில் இருக்கும்போதுதான் இது நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. உணர்திறன் குறைந்த 4 ஓம் ஸ்பீக்கரும் பெரிய அறையும் சேர்ந்தால் தனி பவர் ஆம்ப் வாங்குவது வீண்செலவல்ல. நான் பிரித்ததும் இந்தக் காரணத்தால்தான்.

ரிசீவரின் அமைப்பில் ‘4 ஓம்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ரிசீவர் பலமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது உள்ளே மின்னழுத்தத்தைக் குறைத்து, சூட்டை மட்டுப்படுத்தும் ஏற்பாடு. கிடைக்கும் சக்தியும் அதோடு குறையும்.

இரண்டில் எது சீக்கிரம் பழையதாகும்?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. ஒலித்தரத்தைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுபவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளையின் வாழ்க்கையைப் பாருங்கள். 1992-ல் டால்பி டிஜிட்டல் திரையரங்குக்கு வந்தது, 1993-ல் டிடிஎஸ். 2006-ல் ப்ளூ-ரே தட்டுகளோடு டால்பி ட்ரூஹெச்டியும் டிடிஎஸ்-ஹெச்டியும் வந்தன. அதை வாங்கிக்கொள்ள ஹெச்டிஎம்ஐ 1.3 தேவைப்பட்டது. 2009-ல் டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் ஏஆர்சி. 2012-ல் அரங்குகளுக்கும் 2014-ல் வீடுகளுக்கும் டால்பி அட்மாஸ் வந்து, கூரையிலும் ஸ்பீக்கர் கேட்டது. 2017-ல் ஹெச்டிஎம்ஐ 2.1-உம், ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சியும். 2020-ல் அந்த 2.1 சிப்போடு முதலில் வந்த சில ரிசீவர்களில் கேம் கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் கறுத்துப்போய் நின்றது. ஒவ்வொரு முறையும் பழைய கணக்குப்பிள்ளைக்குப் புதிய கணக்கு புரியாமல் போயிற்று.

சுமைதூக்கிக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. 1992-ல் வாங்கிய பவர் ஆம்ப்பை இன்றைய அட்மாஸ் ப்ராசசரோடு இணைத்தால் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும். அதற்குத் தேவை ஓர் அனலாக் சிக்னல். அது நுழையும் ஆர்சிஏ பிளக் 1930-களில் பிறந்தது, இன்னும் மாறவில்லை. இருபது, முப்பது வருடம் ஓடிய ஆம்ப்களில் மின்தேக்கிகளை மாற்றினால் மறுபடியும் அதே காலம் ஓடும்.

ரிசீவர் வாங்கும்போது இந்த இருவரையும் ஒரே தாம்புக்கயிற்றில் கட்டிவிடுகிறோம். புது ஹெச்டிஎம்ஐ வேண்டும் என்பதற்காக, நன்றாக உழைக்கும் ஏழு ஆம்ப்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. என் ரிசீவர் ஒன்றில் ஹெச்டிஎம்ஐ பலகை போய்விட்டது. ஆம்ப் பகுதிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பலகை கிடைக்காததால் முழுப்பெட்டியும் முடங்கியது. பிரித்து வைப்பதற்கு உறுதியான காரணம் கேட்டால் நான் ஒலியைச் சொல்ல மாட்டேன், இந்த ஆயுள் வித்தியாசத்தைத்தான் சொல்வேன்.

பிறகு ஏன் தனி ப்ராசசரைப் பரிந்துரைக்கத் தயங்குகிறீர்கள்?

விலை. ஆம்ப்பே இல்லாத ப்ராசசர், ஒன்பது ஆம்ப் உள்ள ரிசீவரைவிட அதிக விலைக்கு விற்பது வழக்கம். விந்தையாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது: ரிசீவர்கள் பெரிய எண்ணிக்கையில் தயாராகின்றன, ப்ராசசர்களை வாங்குபவர்கள் மிகக் குறைவு. மென்பொருள் எழுதும் செலவும் டால்பி, டிடிஎஸ் உரிமத்துக்கான வேலையும் அந்தச் சிறு எண்ணிக்கையின் மேல் ஏறுகின்றன. அதோடு, இரண்டில் சீக்கிரம் பழையதாவது ப்ராசசர்தான். சீக்கிரம் பழையதாகும் பொருளில் அதிகப் பணத்தைப் போட என் மனம் ஒப்பவில்லை.

பதினைந்து, பதினாறு சேனல் வரை வேண்டும், எல்லா இணைப்பும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்றுமுனை பிளக்கில் வேண்டும், தனி அறையே கட்டுகிறேன் என்பவர்களுக்கு ப்ராசசர் பொருத்தம்தான். மற்றவர்களுக்கு அடுத்த கேள்வியின் பதில் போதும்.

நடுவழி ஏதாவது உண்டா?

உண்டு, அதுதான் எனக்குப் பிடித்த வழி. முன்பக்க இடம், வலம், நடு ஆகிய மூன்றுக்காவது ‘ப்ரீ-அவுட்’ துளைகள் (பெருக்காத சிக்னலை வெளி ஆம்ப்புக்கு அனுப்புபவை) உள்ள ரிசீவரை வாங்குங்கள். முதலில் அதை மட்டும் வைத்துக் கேளுங்கள். போதவில்லை என்று உணரும் நாளில் மூன்று சேனல் பவர் ஆம்ப் ஒன்றை வாங்கி ப்ரீ-அவுட்டில் இணைத்துவிடுங்கள். படத்தின் ஒலியில் பெரும்பங்கு முன்பக்க மூன்று ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. அந்தச் சுமை இறங்கியதும் ரிசீவரின் மின்சாரம் முழுவதும் பக்க, கூரை ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கும், பெட்டியும் குளிரும். சில வருடம் கழித்துப் புதிய தொழில்நுட்பம் வந்தால் ரிசீவரை மட்டும் மாற்றினால் போதும். ஆம்ப் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ப்ரீ-அவுட் எத்தனை வோல்ட் சுத்தமாகத் தருகிறது, ஆம்ப் முழுச்சக்திக்கு எத்தனை வோல்ட் கேட்கிறது என்று பாருங்கள். 29 டெசிபல் பெருக்கம் உள்ள ஆம்ப்புக்கு 1 வோல்ட் கொடுத்தால் 8 ஓமில் 100 வாட் வரும், 200 வாட்டுக்கு 1.4 வோல்ட். பெருக்கம் குறைந்த ஆம்ப் என்றால் 2 வோல்ட்டுக்கு மேலும் கேட்கும். எளிய ரிசீவர்கள் அங்கே திணறும். சில ரிசீவர்களில் உள் ஆம்ப்பை முற்றிலும் துண்டிக்கும் ‘ப்ரீஆம்ப் மோடு’ இருக்கும். இருந்தால், வெளி ஆம்ப் இணைத்த சேனல்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ப்ரீ-அவுட் சிக்னல் இன்னும் சுத்தமாகும்.

ஆம்ப் சேர்த்த பிறகு, ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் ஒலியளவைச் சரிசெய்யும் அளவீட்டை மறுபடி ஓட்ட மறக்காதீர்கள். வெளி ஆம்ப்பின் பெருக்கம் உள் ஆம்ப்போடு ஒத்திருக்காது. முன்பக்கம் மட்டும் ஓங்கி ஒலித்தால் அதை ‘புது ஆம்ப்பின் வீரியம்’ என்று தவறாக எடுத்துக்கொள்வோம்.

பாட்டு கேட்க ஸ்டீரியோ ஆம்ப், படத்துக்கு ரிசீவர். இரண்டுக்கும் ஒரே ஜோடி ஸ்பீக்கரைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ உள்ள இன்டெகிரேட்டட் ஆம்ப் (வால்யூமும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்) வாங்குங்கள். ரிசீவரின் முன்பக்க ப்ரீ-அவுட்டை அந்தத் துளையில் செருகினால், படம் ஓடும்போது இன்டெகிரேட்டட் தன் வால்யூமை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் பவர் ஆம்ப்பாக நிற்கும். பாட்டு கேட்கும்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம். பைபாஸ் இல்லாத ஆம்ப்பில் சாதாரண துளையில் செருகுபவர்கள், வால்யூமை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஒருநாள் மறந்து முழுதாகத் திருப்பியிருந்தால் ஸ்பீக்கர் போய்விடும்.

ஓர் இழப்பு உண்டு. பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்களில் பேஸைச் சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் வசதியோ அறைத் திருத்தமோ கிடையாது. பாட்டுக்கும் அவை வேண்டும் என்று தோன்றினால் ரிசீவர் வழியாகவே கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறைத் திருத்தம் என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

ஆம்ப்களுக்கு இடையிலான வித்தியாசம் டெசிபலின் பின்னங்களில் இருக்கும். அறை உண்டாக்கும் வித்தியாசம் 10 டெசிபலையும் தாண்டும். 5 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே நின்று குமுறும். சுவரோரம் உட்கார்ந்தால் காது அடைக்கும், அறையின் நடுவில் அதே பேஸ் காணாமல் போகும். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரைவிட அறையைத்தான்.

ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் ஒய்பிஏஓ, ஆந்தமின் ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐயின் ஏஆர்சி வேறு), லிங்டார்ஃபின் ரூம்பெர்ஃபெக்ட் ஆகிய அறைத் திருத்த மென்பொருள்கள் எல்லாம் இதைச் சரிசெய்யப் பிறந்தவை. எந்தத் திருத்தம் இருக்கிறது, அதில் எந்தப் படிநிலை இருக்கிறது என்பதை வாட் எண்ணுக்கு முன்னால் பாருங்கள். ஆடிஸியிலேயே அடிப்படைப் பதிப்புக்கும் எக்ஸ்டி32 பதிப்புக்கும் பேஸில் பெரிய வித்தியாசம் உண்டு. மைக்கைக் காது உயரத்தில், தாங்கியில் வைத்து, ஏசியும் மின்விசிறியும் அணைத்துவிட்டு அளவெடுங்கள். நாற்காலி முதுகில் சாய்த்து வைத்து எடுத்த அளவு ஏமாற்றும்.

ஓர் அதிர்வெண்ணில் ஓங்கி நிற்கும் மேட்டை அறைத் திருத்தம் வெட்டிவிடும், அமுங்கிய பள்ளத்தை நிரப்பாது. 10 டெசிபல் பள்ளத்தை நிரப்பப் பத்து மடங்கு சக்தி வேண்டும், அப்போதும் நிரம்பாது. இருக்கையையோ சப்வூஃபரையோ அரை மீட்டர் நகர்த்துவதுதான் அதற்கு வழி.

எக்ஸ்எல்ஆர் இணைப்பு அவசியமா?

ஓரிரு மீட்டர் தூரத்துக்கு ஆர்சிஏ போதும். ஆம்ப்பை ஸ்பீக்கர் பக்கத்தில், தொலைவில் வைப்பதானால் எக்ஸ்எல்ஆர் வழியில் சேரும் இரைச்சலை நன்றாகவே தள்ளிவிடும். பெட்டிகள் கூடக் கூட ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும் வாய்ப்பும் கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வந்தால் முதலில் டிவிக்கு வரும் கேபிள் இணைப்பை உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவதும் உதவும். எர்த் முனையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி.

டி வகை ஆம்ப் மட்டமானது என்கிறார்களே?

பழைய பேச்சு. ஹைபெக்ஸ், ப்யூரிஃபை போன்ற தயாரிப்பாளர்களின் இன்றைய ஆம்ப் தொகுதிகளை அளந்தால் திரிபு கேட்கும் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. வரும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஒலிக்கே போவதால் சூடும் எடையும் குறைவு. அலமாரிக்குள் வைப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

சூடு உண்மையிலேயே பிரச்சினையா?

ஆம். மின்தேக்கியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் கைக்கணக்கு. ரிசீவரின் மேல்பக்கம் குறைந்தது 10 செ.மீ. காலியாக இருக்கட்டும். அதன் தலைமேல் செட்-டாப் பெட்டியையோ கேம் கன்சோலையோ ஏற்றாதீர்கள்.

ஒரே ஸ்பீக்கருக்கு ரிசீவரின் இரண்டு சேனலைக் கொடுக்கும் பை-ஆம்ப்பிங் பயன் தருமா?

ரிசீவரில் தராது. இரண்டு சேனலும் குடிப்பது ஒரே மின்மாற்றியில்தான்.

ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கொஞ்சம்தான். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 10 மீட்டர் ஓடினால், போக வர மொத்தத் தடை 0.14 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது இரண்டு சதவீதம்கூட இல்லை. தூய செம்பா என்று மட்டும் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியத்தையும் செம்பு என்றே விற்கிறார்கள்.

பழைய சாதனம் வாங்கலாமா?

பவர் ஆம்ப் என்றால் தைரியமாக வாங்கலாம். அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்லாச் சேனலும் சமமாக ஒலிக்கிறதா, ஸ்பீக்கரில் காது வைத்தால் உறுமல் கேட்கிறதா, ஒலியளவுத் திருகு இருந்தால் அதைத் திருகும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிசீவரில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளையையும் தனித்தனியே சோதியுங்கள். அளவீட்டு மைக் கூட வருகிறதா என்று கேளுங்கள். வேறு மாடலின் மைக் பொருந்தாமல் போகலாம்.

ஏற்கெனவே ரிசீவர் இருக்கிறது, ஒலியில் திருப்தி இல்லை. ஆம்ப்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நன்றாகத் தெரிந்த ஒரு காட்சியைப் போடுங்கள். வசனமும் வெடிச்சத்தமும் கலந்ததாக இருக்கட்டும். குறைந்த வால்யூமில் கேளுங்கள். அப்போதே வசனம் தெளிவில்லை, பேஸ் குமுறுகிறது என்றால் ஆம்ப் மேல் பழி போடாதீர்கள். அந்த அளவில் அது ஒரு வாட்கூடச் செலவழிக்கவில்லை. நடு ஸ்பீக்கர் அலமாரிக்குள் புதைந்திருக்கிறதா, காதை நோக்கித் திரும்பியிருக்கிறதா, சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு வால்யூமை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த சத்தத்தில் சுத்தமாக இருந்த குரல் இப்போது கடுமையாகிறதா? வெடிச்சத்தத்தோடு சேர்ந்து வசனமும் நசுங்குகிறதா? அப்படியானால் ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் நசுங்கினால், தெரிந்தவரிடமிருந்து ஒரு பவர் ஆம்ப்பை ஒரு வாரம் இரவல் வாங்கி ப்ரீ-அவுட்டில் இணையுங்கள். அளவீட்டை மறுபடி ஓட்டி, அதே காட்சியை அதே வால்யூமில் போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் உங்கள் காது கேட்பதை நம்பி வாங்குங்கள், அல்லது வாங்காமல் விடுங்கள்.